வெங்காயம் கருகிய வேளை

"ஹலோ... ஆங், சொல்லுக்கா... சேச்சே, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல... கண்ணுல தண்ணி வருதுதான், ஆனா அழல... அய்யோ, வெங்காயம்க்கா! குடும்பமே உக்காந்து வெங்காயம் வெட்டிட்டிருக்கு!"

ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கத்தியை மறுபடி எடுத்தாள். கடையில் மீந்த காய்ந்த ரொட்டியை வெங்காய சூப்பில் மிதக்கவிடலாம் என்பது அவள் கணவரின் யோசனை. எலக்ட்ரீஷியன், விடுமுறை நாளில் கை சும்மா இருக்காது.

"வாலா?... என் பொண்ணைத்தானே கேக்கறே? நீச்சல் கண்ணாடி மாட்டிக்கிட்டு வெட்டறா... மாமனார் அதுக்கும் மேல. ஹெல்மெட்!... ஆமாக்கா, பைக் ஹெல்மெட்டேதான். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கிட்டு சோபாவுல உக்காந்து தோல் உரிக்கறாரு... சிரிக்காதே, எனக்கும் வருது, கையில கத்தி இருக்கு..."

சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"ம்... ம்... இல்லக்கா. இன்னும் வரல."

ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்தே அவள் மூக்கு செத்துப்போயிருந்தது. அதற்கு முன்பெல்லாம், ரொட்டி சிவந்த பதத்தை அடுத்த அறையிலிருந்தே மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவாள். இப்போது அவளுக்குக் கடையில் பொட்டலம் கட்டும் வேலை.

"கண்ணு எரியுது, மூக்கு ஒழுகுது, வாசனை மட்டும் இல்ல... முதலாளியம்மா நல்லவங்கதான், எத்தனை நாள் பொறுப்பாங்க? அடுப்புக்கு நாளையிலேர்ந்து வேற ஆளு... ஆமா... ஆமா, நாளைக்கேதான்... அழல, அதான் சொன்னேனே, வெங்காயம்னு... சரி, விடு. என்னங்க! தீயைக் குறைங்க, அது மெதுவாத்தான் சிவக்கணும்!... இவரைத்தான்க்கா. ஸ்விட்ச் போட்டதும் லைட் எரியற மாதிரி வெங்காயமும் வெந்துடும்னு நினைப்பு... வெண்ணெயா? தாராளமா போட்டாச்சு. சட்டி நிறைய இருந்தது சுருங்கி ஒரு கைப்பிடி ஆயிடுச்சு. யாரு எடுத்துத் தின்னதுன்னு வாலு தாத்தாவை விசாரிக்கறா..."

அந்த விசாரணையைப் பார்க்கக் கணவரும் கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டார்.

"இவரு பாரு, அடுப்பை விட்டுட்டு வந்து அப்பாவைப் போட்டோ புடிக்கறாரு... ஆமா, அனுப்பறேன், அனுப்பறேன்... மாமா, கொஞ்சம் சிரிங்க! சிரிச்சாலும் தெரியாதுக்கா, உள்ள மூடிக் கிடக்கு... இரு, ஒரு நிமிஷம். என்னங்க, தீயுது பாருங்க... அட, அடுப்புல தீயுதுங்க! ஓடுங்க!"

கணவர் ஓடினார். வேறு யாருக்கும் அதுவரை ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கத்தி பாதி வெங்காயத்திலேயே நின்றது.

"அக்கா... நான் இப்ப என்ன சொன்னேன்?... அதுக்கு முன்னாடி... தீயுதுன்னா? தீயுதுன்னு எனக்கு யாரு சொன்னா?... யாருமே சொல்லலக்கா! எனக்கு... எனக்கு நாத்தம் அடிக்குதுக்கா! நாத்தம் அடிக்குது!"

பாதி வெங்காயத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"வெங்காயம்! வெங்காயம் மாதிரியே இருக்கு!... இரு, சோப்பு... சோப்பு வரல... காப்பித்தூளு லேசா... ஆமா, லேசா, ஆனா இருக்கு! மாமா, அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க... அய்யய்யோ! இது வருதுக்கா, இது நல்லாவே வருது! எந்தக் காலத்துல தொடைச்சதோ!... வாலு, குதிக்காதடி, கீழ் வீட்டுக்காரங்க வந்துடுவாங்க!"

சொன்னவளும் சேர்ந்துதான் குதித்தாள். மாமனார் தலை கலைந்து, ஏதோ பரிசு வாங்கியவர்போல் இளித்துக்கொண்டு நின்றார்.

"ஹலோ?... அக்கா? என்ன, மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்குது?... அட, நீ எதுக்கு அழறே? உனக்கு யாரு அங்க வெங்காயம் வெட்டறது?... சரி... சரிக்கா... ஆமா, முதலாளியம்மாவுக்கு இப்பவே போன் பண்றேன். ஒரே ஒரு தட்டு ரொட்டி என்கிட்ட விட்டுப் பாருங்கன்னு கேக்கறேன். அப்புறம் அவங்க இஷ்டம்... கேப்பேன்க்கா, கண்டிப்பா கேப்பேன்..."

கணவர் அடி கரிந்த சட்டியைத் துணியால் பிடித்தபடி வெளியே வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. குப்பைத்தொட்டிப் பக்கம் நகர்ந்தார்.

"கொட்டாதீங்க! யாரும் அதைக் கொட்டக் கூடாது!... சூப்பு போச்சுக்கா, மறுபடி முதல்லேர்ந்து வெட்டணும்... வெட்டிக்கலாம், அதுக்கென்ன... போனை வைக்கறேன், எனக்கு ரெண்டு கையும் வேணும்... எதுக்கா? நான் இன்னும் மோந்தே முடிக்கலக்கா!"

போனை வைத்துவிட்டு, துணியோடு சட்டியை வாங்கி, அந்தக் கரிப்புகைக்குள் முகத்தை நுழைத்தாள்.