லூசியன் பாஸ்கோவைக் கூரைமேல் விட்டுவைத்தது பற்றி

எனக்கு உயரம் என்றால் பயம், சார்ஜென்ட். வீட்டில் பல்பு போனால் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவேன்.

ஆனால் என் பிழைப்பே கூரைதான். ஒரு கட்டடம் காகிதத்தில் இருக்கும்போதே, பின்னாளில் அதன் கூரைக்கு ஏறப்போகிறவர் எந்த வழியாக ஏறுவார், எதைப் பிடித்துக்கொள்வார், வேலை முடிந்து எப்படி முழுசாக வீடு போய்ச் சேருவார் என்று யோசித்து வரைபடத்தில் சேர்ப்பது. பயந்தாங்கொள்ளிகளுக்கு ஏற்ற வேலை. தைரியசாலிகள் இதில் உருப்பட மாட்டார்கள்.

எங்கள் அலுவலக முதலாளி லூசியன் பாஸ்கோ தைரியசாலி. கெட்டவர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் எல்லாருக்கும் அவரே குங்குமப்பூ பன் சுட்டுக்கொண்டு வருவார். நன்றாகவே இருக்கும். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் வன்மத்தில் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

துறைமுகத்துப் புது நூலகம் அவர் வரைந்ததுதான். எழும்பிய அலை அப்படியே உறைந்துவிட்டதுபோல வெள்ளைக் கூரை. நான் வரைபடத்தில் அந்த அலையின் முதுகில் ஒரு சின்னக் கதவு வைத்தேன். அதிலிருந்து நடக்க ஒரு பாதை, ஓரத்தில் கைப்பிடிக் கம்பி, கயிறு மாட்டக் கொக்கிகள். மறுநாள் பார்த்தால் எல்லாம் அழிந்திருந்தன.

“மார்வென்னா, அலைக்கு யாராவது வேலி போடுவாங்களா?” என்றார்.

“அலைமேல ஏறி யாரும் மழைத்தண்ணி அடைப்பு எடுக்க மாட்டாங்க, லூசியன்.”

“இதுமேலயும் யாரும் ஏற வேணாம். இது பாக்குறதுக்கு.”

கடற்காகங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. முதல் வசந்தத்திலேயே அவை மழைநீர் இறங்கும் வழியில் கூடு கட்டிவிட்டன. தண்ணீர் தேங்கி, குழந்தைகள் பகுதியில் ஒழுகியது. டைனோசர் புத்தகங்கள் எல்லாம் ஊறி, பிட்டு மாதிரி ஆகிவிட்டன. அடைப்பு எடுக்க டென்சில் ரௌஸை அழைத்தார்கள். அவரை உங்களுக்குத் தெரியும், ஊரில் பாதிக் கூரைகளுக்கு ஏறுவது அவர்தான்.

கதவு இல்லை, அதனால் வெளியே ஏணி சாத்தினார். கொக்கி இல்லை, அதனால் கயிற்றைத் தோளிலேயே வைத்துக்கொண்டார். கூட்டில் குஞ்சு இருந்தது. தாய்ப்பறவை முகத்துக்கு நேராக வந்தது. டென்சில் அலையின் முதுகில் குழந்தை சறுக்குவது போலச் சறுக்கிக்கொண்டு வந்து, விளிம்பில் இடிதாங்கிக் கம்பியில் கால்சட்டை மாட்டித் தொங்கினார். உள்ளே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பின்னல் சங்கத்துப் பெண்கள் ஊசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னாராம். தீயணைப்பு வண்டி வரும்வரை அந்தத் துணி தாங்கியது. கீழே கருங்கல் தளம். தையல் பிரிந்திருந்தால் நாம் இப்போது வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்போம்.

அன்று சாயங்காலம் லூசியன் சொன்னார்: “ஏணியைச் சரியாச் சாத்தியிருக்க மாட்டாரு.”

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நானே சொல்லிவிடுவேன்.

பிறகு அந்தக் கூரைக்கு விருது கிடைத்தது. பத்திரிகைக்காரர்கள் அவரைக் கூரைமேல் நிற்கவைத்துப் படம் எடுக்க வந்தார்கள். ஆளைத் தூக்கும் கூடை வண்டியோடு கெரென்சா வந்தாள். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரப் பெண். போனும் பர்ஸும் பையில் இருந்தால் புது சூட்டு புடைத்துத் தெரிகிறது என்று லூசியன் இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். அலையின் உச்சியில் கொஞ்சம் தட்டையான இடம் உண்டு. அதில் அவரை இறக்கிவிட்டு, படத்தில் விழக் கூடாது என்று கெரென்சா கூடையைக் கீழே கொண்டுவந்தாள். எதிர்க் கரையிலிருந்து படம் எடுத்தவர் கையசைத்துவிட்டு, ரயிலைப் பிடிக்க ஓடினார்.

நான் கெரென்சாவிடம், “போய் ஒரு பேஸ்ட்டி சாப்பிட்டு வா கண்ணு. அவரு கொஞ்ச நேரம் தனியா இருக்கணுமாம்” என்றேன். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த அக்கறை உண்மையானது.

வண்டி முனை திரும்பிய பிறகுதான் லூசியன் எட்டிப் பார்த்தார்.

“மார்வென்னா, வண்டி எங்க?”

“போயிடுச்சு.”

“அப்ப நான் எப்படி எறங்குறது?”

“நல்ல கேள்வி, லூசியன். அதைத்தான் வரைபடத்துல எழுதியிருந்தேன்.”

கூட்டம் சேர ஆரம்பித்தது. நூலகத்தின் கோடைக்காலக் கலை நிகழ்ச்சி என்று சொன்னேன். நம் ஊரில் அதை நம்ப யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. சிலர் மடக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். நான் கீழிருந்து கேட்டேன்: “கைப்பிடிக் கம்பி எவ்வளவு உயரம் வைக்கலாம்?”

“எவ்வளவு வேணும்னாலும்.”

“அப்படிச் சொன்னா வரைய முடியாது. உயரம் சொல்லுங்க.”

“முழங்கால்.”

“முழங்காலாம்” என்று மீன்கடை ஜாகோ கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “என் பூனைக்கே பத்தாது, ராசா. மேல போங்க.”

“தொடை.”

“மேல, மேல” என்றது கூட்டம்.

“இடுப்பு. சரி, இடுப்புக்கும் மேல.”

அந்த நேரம் பார்த்து ஒரு கடற்காகம் அவர் தலையை உரசிக்கொண்டு போனது. “நெஞ்சு வரைக்கும்” என்றார். ஏலம் முடிந்ததுபோல எல்லாரும் கைதட்டினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் நன்றாக யோசிக்க ஆரம்பித்திருந்தார். ஜாகோவின் நீளமான தூண்டில் கழியில் காகிதமும் பென்சிலும் கட்டி மேலே நீட்டச் சொன்னேன். ஒரு பேஸ்ட்டியும் அனுப்பினேன். அதைப் பறவை வாங்கிக்கொண்டது. லூசியன் உச்சியில் மண்டிபோட்டு, ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வரைந்தார். கதவு, பாதை, கொக்கி எல்லாம். அவர் வாழ்க்கையில் வரைந்ததிலேயே சிறந்த வரைபடம் அதுதான். நடுக்கம் இருந்தது, ஆனால் ஒரு கோடுகூட வீணில்லை.

கெரென்சா போன் செய்தாள். “வரட்டுமா?”

“வேணாம் கண்ணு. அவரு எறங்கிட்டாரு.”

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

மழை தூற ஆரம்பித்தது. கூட்டம் குடை விரித்தது. அப்போதுதான் டென்சில் வந்தார். மேலே பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“எறக்கி விடுங்கம்மா” என்றார். “நனைஞ்சா அது எப்படி வழுக்கும்னு எனக்குத் தெரியும்.”

“உங்களுக்காகத்தான் டென்சில் இவ்வளவும்.”

“எனக்காகன்னா எறக்குங்க.”

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீயணைப்புக்காரர்களை அவர்தான் கூப்பிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. லூசியன் கீழே இறங்கியபோது சூட்டு முழுக்கப் பறவை எச்சம். வரைபடத்தைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார். என்னிடம் நீட்டினார். போர்வைக்குள் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

உங்கள் சந்தேகம் புரிகிறது. பேசிப் புரியவைத்திருக்கலாமே, இவ்வளவு படித்த மனிதர் கேட்டிருக்க மாட்டாரா என்பது. சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டார். அன்று காலை காரில் வரும்போதே சொன்னார். டென்சில் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும், இரவெல்லாம் தூக்கம் வரவில்லை என்றும், “நீங்க சொன்னதுதான் சரி மார்வென்னா, கதவு, கம்பி, எல்லாம் வச்சிடுவோம்” என்றும். கூரைமேல் நின்றும் முதலில் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தார். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு வசனம்தான் என்று ஜனங்களிடம் சொன்னேன்.

நான் செய்தது முழுக்க முழுக்கப் பாதுகாப்புக்காகத்தான், சார்ஜென்ட். காரில் அவர் அப்படிச் சொன்னபோது, அதைக் கேட்பதற்கு என்னைத் தவிர வேறு யாரும் இல்லையே.