வெளிச்சப் பிரச்சினை

இறங்கும் எண்டுறன், தம்பி! ஏணியிலை நிண்டு தலையாட்டினால் எனக்கு விளங்காது. இதென்ன, நாலாவது லைற்றோ? அதுவும் உந்தப் பெரிசு! எங்கடை ஒழுங்கையிலை என்ன, கிரிக்கெற் மைச்சோ நடக்கப்போகுது? ஏழு வீடு உள்ள ஒழுங்கைக்கு ஏற்கெனவே மூண்டு லைற்று நிக்குது. நாய்க்கு எப்ப படுக்கிறது எண்டு தெரியேல்லை. பக்கத்து வீட்டு அருமைநாயகியின்ரை சேவல் இரவு ஒன்பது மணிக்குக் கூவுது. அவ எண்டால் நல்ல சந்தோசப் புளுகத்திலை இருக்கிறா. "ரீச்சர், இப்ப வாசல் படலையடியிலை நிண்டே ஊசியிலை நூல் கோக்கலாம்" எண்டு சொல்லுறா. படலையடியிலை நிண்டு நூல் கோக்கிற அளவுக்கு அவவுக்கு என்ன அவசரம்?

உமக்கென்ன பேர்? ... பிரகாஸோ! ஆண்டவரே! பேரையும் பாத்தெல்லோ ஆள் அனுப்பியிருக்கிறாங்கள்.

இல்லை, உம்மோடை எனக்குக் கோவமில்லை. உம்மை அனுப்பின பிரதேச சபையோடைதான். நான் சீலா ரீச்சர். முப்பத்தாறு வருசம் மிஷன் பள்ளிக்குடத்திலை தமிழ் படிப்பிச்சனான். பென்சன் எடுத்தாப் பிறகு மற்றவை கலியாணவீடு, செத்தவீடு எண்டு திரிவினம். நான் வானம் பாக்கிறனான். ஓம், வானந்தான். சிரிக்காதையும். உந்தா, விறாந்தையிலை நிக்குதே கறுப்புக் குழாய், அது கிணத்துக் குழாயில்லை, தொலைநோக்கி. ஆறு அங்குலக் கண்ணாடி. மகள் டிலக்ஷி லண்டனிலை இருந்து அனுப்பினது. முதல் கிழமை வளவுக்கை வைக்க, ரெண்டு ஆமிக்காரர் ஓடி வந்திட்டினம், இது என்ன, குண்டடிக்கிற மோட்டரோ எண்டு. நான் குழாயைச் சந்திரனுக்கு நேரை திருப்பிப்போட்டு, பாருங்கோ எண்டன். அடுத்த நாள் ஆறு பேர் வந்தவை. அதிலை ஒருத்தன் தாய்க்குப் போன் எடுத்து, குழாய்க்குள்ளாலை போனைப் பிடிச்சுச் சந்திரனைக் காட்டினவன். பாவம், நல்ல பொடியன்.

எங்கை விட்டனான்? ... ஆ, லைற்று.

எங்களுக்கு ஒரு கழகம் இருக்கு தம்பி. வான்நோக்கர் கழகம். இருபத்திமூண்டு பேர். எல்லாரும் சேந்து வானம் பாக்கிறதுக்கு நிரந்தரமா ஒரு இடம் தேடுறம். ஒரு கொட்டில் போட்டு, கதிரை போட்டு, தொலைநோக்கியளை வைக்கிறதுக்கு. இப்ப ரெண்டு வளவு போட்டியிலை நிக்குது. ஒண்டு என்ரை இந்தப் பண்டத்தரிப்பு வளவு. மற்றது கரவெட்டியிலை உவன் செல்வநாயகத்தின்ரை வளவு. வாற சனிக்கிழமை எல்லாரும் இஞ்சை வந்து பாத்துத் தீர்மானிக்கப் போகினம். செயலாளர் ஒரு மீற்றரும் கொண்டு வருவார், இருட்டை அளக்கிறதுக்கு. ஓம் தம்பி, உங்கடை மீற்றர் கறன்ற் அளக்கும், இது இருட்டு அளக்கும். "அப்ப இருட்டுக்கும் மாசாமாசம் பில் வருமோ" எண்டு என்ரை மனிசன் கேக்கிறார். அவருக்கு எல்லாம் பகிடி. சனிக்கிழமைக்கு முதல் உந்த மூண்டு லைற்றையும் கழட்டாட்டில், இடம் கரவெட்டிக்குப் போயிடும். அதை நினைச்சால் எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை.

செல்வநாயகத்தைப் பற்றிக் கேக்காதையும். நீர் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். அவனிட்டை இருக்கிறது பத்து அங்குலம், மோட்டர் பூட்டினது, தன்ரை பாட்டிலை சுத்தும். கழகத்தின்ரை வாட்ஸ்அப் குறூப்பிலை படம் போட்டுட்டு, கீழை "சும்மா ஒரு முயற்சி" எண்டு எழுதுவான். சும்மாவாம்! ஒருக்கா "வின்மீண்" எண்டு எழுதினவன், தம்பி! வின்... மீண்! ரெண்டு எழுத்தையும் எப்பிடித்தான் அவ்வளவு சரியா மாத்திப் போட்டானோ தெரியாது. அதுக்கும் பதினெட்டுப் பேர் கைதட்டிப்போட்டவை.

ஆனால் அவனிட்டை இல்லாத ஒண்டு என்னட்டை இருக்கு. தெற்கு! இஞ்சாலை பாரும், முழுக்க வயல்வெளி, ஒரு மறைப்பில்லை. வைகாசியிலை ஒன்பது மணிபோலை உதிலை தென்சிலுவை நிமிர்ந்து நிக்கும். அதுக்கு இடப்பக்கம் கொஞ்சம் மேலை ஒமேகா சென்ரோறி எண்ட நட்சத்திரக் கொத்து. வெறுங்கண்ணுக்கு ஒரு புகைப்பொட்டுத்தான். குழாய்க்குள்ளாலை பாத்தால்... ஐயோ தம்பி, கறுப்புச் சீலையிலை சீனி கொட்டுப்பட்ட மாதிரி. அவ்வளவும் நட்சத்திரம், லட்சக்கணக்கிலை. முதல் நாள் பாத்திட்டு நான் கதிரையை விட்டு எழும்பேல்லை. உடனை டிலக்ஷிக்குப் போன் எடுத்தன். "அம்மா, அது லண்டனிலை தெரியாது, அடிவானத்துக்குக் கீழை" எண்டாள். எனக்குப் பெரிய சந்தோசமாப் போச்சுது, உண்மையைச் சொல்லுறன். அங்கை எல்லாம் இருக்கெண்டுதானே எல்லாரும் போனவை. இது இல்லையே. இது எங்களுக்கு மட்டுந்தான்.

இப்ப அது எங்கை? உங்கடை மூண்டாவது லைற்றுக்குப் பின்னாலை.

நான் சும்மா இருந்தனானே? சபைக்கு மூண்டு பெட்டிசம் எழுதிப் போட்டனான். முந்தி முடக்கிலை ஒரு மஞ்சள் பல்ப்தான் இருந்தது. அது கண்ணைக் குத்துது எண்டு தை மாசம் முதலாவது எழுதினன். ரெண்டே கிழமையிலை ஆக்கள் வந்திட்டினம்! சபையிலை இருந்து ரெண்டு கிழமையிலை! நான் தேத்தண்ணியும் வைச்சு, முறுக்கும் குடுத்து, வாயார வாழ்த்தினன். குசினிக்கை போயிட்டு வந்து பாத்தால், மஞ்சளைக் கழட்டிப்போட்டு வெள்ளை லைற்றுப் பூட்டியிருக்கிறாங்கள்! மாசியிலை ரெண்டாவது பெட்டிசம், கொஞ்சம் காரமா. இன்னும் ரெண்டு லைற்று! சித்திரையிலை மூண்டாவது, நல்ல காரமா. இண்டைக்கு நீர் வந்து நிக்கிறீர், உந்தக் குளிக்கிற தொட்டியளவு சாமானோடை.

இது பழிவாங்கல், தம்பி. வேறை ஒண்டுமில்லை. செல்வநாயகத்தின்ரை மருமகன் சபையிலை கிளாக்கு வேலை. எனக்கு விளங்காதே? இல்லாட்டில் நான் எழுதின தமிழ் ஒருத்தனுக்கு விளங்காமல் போகுமே? ஒரு கால் பிழையில்லை, ஒரு கொம்பு பிழையில்லை!

என்ன? ... என்ன கடதாசி? என்ரை பெட்டிசமோ? மூண்டையும் வேலையோடை சேத்துத் தந்து விட்டவையோ? நல்லதாப் போச்சு, இஞ்சை தாரும். பொறும், கண்ணாடியைப் போடுறன். வாசிக்கிறன், கேளும். தமிழெண்டால் என்னெண்டு தெரியும்.

"எமது ஒழுங்கையில் நீண்டகாலமாக நிலவும் வெளிச்சப் பிரச்சினையால் பெரிதும் அல்லலுறுகின்றோம். விரைந்து ஆவன செய்து எம்மை மீட்டருளுமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றோம்."

எப்பிடி? வடிவா இருக்கெல்லே? ... என்ன விளங்கேல்லை? வெளிச்சப் பிரச்சினை. வெளிச்சத்தாலை வாற பிரச்சினை! நுளம்புப் பிரச்சினை எண்டால் என்ன? கடிக்கிற நுளம்பு கூடிப்போச்சு எண்டுதானே? ... என்ன? தண்ணிப் பிரச்சினையோ? தண்ணிப் பிரச்சினை எண்டால், தண்ணி இல்லாத... ... கறன்ற் பிரச்சினை எண்டால், கறன்ற்...

ம்.

அந்தக் கதிரையை இஞ்சாலை இழுத்துவிடும், தம்பி.

மற்றதையும் பாப்பம். "தங்கள் நடவடிக்கையின் பின்னரும் வெளிச்சப் பிரச்சினை தீர்ந்தபாடில்லை." ஐயோ. மூண்டாவது. "இனியும் பொறுக்கமாட்டோம். ஓர் இரவு நேரில் வந்து பார்ப்பின் எமது அவலம் தங்களுக்கே புலனாகும்." அதுதான் உந்தத் தொட்டி வந்திருக்கு. முப்பத்தாறு வருசம், தம்பி! சுருக்கி எழுதாதை, விரிச்சு எழுது, விரிச்சு எழுது எண்டு எத்தினை பிள்ளையளுக்குக் குட்டின கை இது!

பேனை இருக்கே? தாரும். நாலாவதை இப்பவே எழுதுறன். பிழைவிடாமல். "எமது ஒழுங்கையில் இருட்டுப் பிரச்சினை..." கோதாரி, அதுக்கும் லைற்றுத்தான் பூட்டுவாங்கள்!

என்ன சிரிப்பு? சொல்லும். ... சனிக்கிழமையோ? ஆறரைக்கோ? சபைத் தலைவர் வாறாரோ? ... எனக்கு மாலையோ? நானோ சுவிச்சைப் போட்டு லைற்றைத் தொடக்கி வைக்கிறது? ஆர் ஒழுங்குபடுத்தினது, அருமைநாயகியோ? அதுதான் ரெண்டு நாளா என்னைக் கண்டவுடனை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளுக்கை ஓடுறா! எந்தச் சனிக்கிழமை? ... இந்தச் சனிக்கிழமை. வேறை எது!

என்னெண்டு தம்பி மறுக்கிறது? அவவின்ரை மகள் அனுஜா வேலை முடிஞ்சு கடைசி பஸ்ஸிலை வாறவள். முந்தி முடக்கடியிலை இருந்து படலைவரைக்கும் ஒரே ஓட்டந்தான். இப்பதான் ஆறுதலா நடந்து வாறாள், ஒவ்வொரு நாளும் ஜெபத்திலை உங்கடை பேரைச் சொல்லுறனான் ரீச்சர் எண்டு தாய் சொன்னவ. அவவிட்டைப் போய், எனக்குச் சீனி தெரியேல்லை, லைற்றைக் கழட்டுங்கோ எண்டு சொல்லேலுமே?

கழகத்துக்கு என்ன சொல்லுவம்? சனிக்கிழமை முகில் மூடி மப்பு எண்டு குறூப்பிலை போடுவமே? ... ஓம், அதுவும் சரிவராது. இருபத்திமூண்டு பேரும் விடிஞ்சால் பொழுதுபட்டால் வானத்தையே பாக்கிற ஆக்கள். அவைக்குப் போய் மப்பெண்டு பொய் சொல்லேலுமே?

சரி. பொறும். சத்தம் போடாதையும்.

ஹலோ... செல்வநாயகம் அண்ணையே? ஓம், நான் சீலா. சுகமே அண்ணை? ... இல்லையில்லை, ஒண்டும் நடக்கேல்லை, சும்மா எடுத்தனான். உங்கடை வளவு நல்ல இருட்டெல்லே? ... அதுதான் யோசிச்சனான், சனிக்கிழமை எல்லாரும் அங்கையே கூடினால் என்ன? ... ஓம். ஓம் அண்ணை, நிரந்தரமாத்தான். ... தெற்குப் பக்கம் பனை நிக்குதோ? ரெண்டு பனைக்கும் இடையிலை ஒமேகா சென்ரோறி தெரியுமே? ... கொஞ்ச நேரமெண்டாலும்? ... ஆ, அது போதும். அது காணும் அண்ணை. ... வருவன், ஆனால் கொஞ்சம் பிந்தும். இஞ்சை ஆறரைக்கு ஒரு சின்ன விழா. ... லைற்று விழா. ... ஓம், இன்னுமொண்டு பூட்டுறாங்கள். ... நான் சும்மா, பிரதம விருந்தினர். ... எது? ஆர் பெட்டிசம் போட்டதெண்டோ?

(தம்பி, உந்தக் கடதாசியை மடிச்சுப் பொக்கற்றுக்கை வையும். கெதியா!)

இல்லை அண்ணை, லைற்றுக்காரத் தம்பியோடை கதைச்சனான். ... ஓம் ஓம், எந்த விசர்ப் பைத்தியமோ எழுதினது. அதைத்தான் அண்ணை நானும் விசாரிச்சுக்கொண்டு நிக்கிறன்.