இந்த வருஷம் ராணி சாகவில்லை

ஒரகடத்திலிருந்து படப்பைக்குத் திரும்பும் கம்பெனி பஸ். மழை வழியும் ஜன்னலைப் பார்த்தபடி முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னாள்: “இந்த வருஷம் ராணி சாகல.”

“எந்த ராணிடி?”

“எங்கூருத் திருவிழா நாடகத்துல. எங்கம்மா சின்னப்புள்ளையா இருக்கையில, ராசா சந்தேகப்பட்டதும் கிணத்துல விழுந்துருவாளாம். நான் சின்னதுல பார்க்கையில, ராசா மன்னிப்புக் கேட்டு அழைச்சுட்டுப் போயிட்டாரு. இந்தத் தடவையும் ராசா மன்னிப்புக் கேட்டாரு, அவளும் கேட்டுக்கிட்டா. ஆனா கூடப் போகல. பாடிக்கிட்டே தனியா நடந்து போயிட்டா.”

“ஜனங்க சும்மாவா வுட்டாங்க?”

“விசிலடிச்சாக. எங்கம்மா அழுதுச்சு.”

தோழி கொஞ்சம் தயங்கினாள். “உன் வூட்டுக்காரரு ஞாயித்துக்கிழம உன்னத் திரும்பக் கூப்ட்டுக்கினு போவ வராருன்னியே. இன்னா பண்ணப் போற?”

“வரட்டும். சோறாக்கிப் போடுதேன். திங்கக்கிழம எனக்கு ஷிப்ட் இருக்கு.”