கேட்காமல் எடுத்த படம்

செங்கலடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் திடீரென்று குரலை உயர்த்தினாள்.

"எண்ட மகள் அழுற படத்தக் கழட்டாம நான் இண்டைக்கி வீட்ட போகமாட்டன்."

பக்கத்திலிருந்த இளம்பெண் ஓர் உதவி நிறுவனத்தில் வேலை செய்பவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. வெள்ளத்தில் புத்தகங்கள் நனைந்துபோக, நின்று அழுத சிறுமியின் படத்தை அந்த நிறுவனம் ஊர்ச் சந்தியில் பெரிதாகக் கட்டியிருந்தது. தாய் அவர்களுடைய அலுவலகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் படத்தப் பாத்துத்தான் ஆக்கள் உதவி செஞ்சவங்க. ஊர்ப் புள்ளையள் எல்லாருக்கும் புத்தகம் குடுத்தம்."

"நல்லம். அதுக்காக எண்ட புள்ள பள்ளிக்கூடம் போகக் கூசணுமா? 'அழுமூஞ்சி' எண்டு கூப்பிடுறாங்க. நான் வேல செய்யுற கார்மண்ட்ஸ் பெக்டரியில கலண்டருக்குப் படம் எடுக்கக்குள்ள எங்களக் கேட்டு, கையெழுத்தும் வாங்கினாங்க. லாபத்துக்கு நடத்துறவங்களே கேக்கிறாங்க. புண்ணியத்துக்கு நடத்துற நீங்க ஏன் கேக்கல்ல?"

"மேல இருக்கிறவங்க நாங்க சொன்னாக் கழட்டமாட்டாங்க அக்கா."

"கழட்டுறவரைக்கும் வாசல்ல இருப்பன்."

பஸ் ஏறாவூரைத் தாண்டியது. இறங்கும் இடம் வந்ததும் இளம்பெண்தான் முதலில் எழுந்தாள்.

"நானும் உங்களோட இருக்கன். படத்த எடுத்தது நான்தான். உங்களக் கேக்காம எடுத்தன் எண்டு அவங்களுக்கு முன்னாலயே சொல்றன்."

"வேல போயிருமே, புள்ள?"

"போகட்டும். எழும்புங்க அக்கா."