நாலாவது அறை

— அப்ப நம்ப போர்டு வேலை செஞ்சுது தான பாய்? மொதல்ல அத்த சொல்லு.

— செஞ்சுதும்மா. நேத்து கேஸ் லீக் ஆன ஒடனே சைரன் கத்திச்சு. போர்டுல செவப்பு எழுத்து ஓட ஆரம்பிச்சுது. நான் என் கையால மாட்டின போர்டு.

— அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற? குந்து பாய், டீ சொல்றேன். இங்க தண்டையார்பேட்டை வரைக்கும் வாடை வந்துச்சு தெரியுமா? எங்க நைனா அந்த எண்ணூர் கம்பெனி கேட்ல வாட்ச்மேன். உசுரோட வூடு வந்து சேந்தாரு. நான் எழுதின எழுத்தப் படிச்சுட்டு ஆளுங்க ஓடியாந்தாங்கன்னு நெனச்சா அழுகையா வருது.

— டீ வேணாம். உங்க நைனா எப்டி கீறாரு?

— வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசல. செவுத்தப் பாத்து படுத்துகினு கீறாரு. கேஸ் தலைக்கு ஏறிக்கீதுன்னு அம்மா மோரா ஊத்திகினு கீது.

— ம்.

— இன்னா ம்?

— மாயா, எனக்கு ஒயரு தெரியும், ஸ்க்ரூ தெரியும். நீ கம்ப்யூட்டர்ல எழுதினது தெரியாது. விசாரணைக்கு ஆளுங்க வராங்க. அதுக்கு முன்ன எனக்கு ஒரு தடவ சொல்லிடு. அந்த போர்டுல நாலு பாஷை எப்டி ஓடுது?

— அய்ய, இது ஒரு பெரிய விஷயமா? ஒரு சேதின்னா ஒரு டப்பா. டப்பாவுக்குள்ள நாலு ரூம். தமிழு, இங்கிலீஷு, தெலுங்கு, ஒரியா. அந்த டப்பா எப்டி இருக்கணும்னு சொல்ற அச்சுதான் கிளாஸு. போர்டு ஒவ்வொரு ரூமா தொறந்து காட்டிகினே போவும்.

— ஒரு ரூம் காலியா இருந்தா?

— அங்கதான் பாய் நம்ப ஆபீஸ் மேனேஜர் தாமோதரன் சாருக்கும் எனக்கும் சண்டை. காலியா இருந்தா அந்த எடத்துல இங்கிலீஷக் காட்டுன்னாரு. முடியாதுன்னேன். எங்க நைனாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா? புரியாத எழுத்தக் காட்றதுக்கு போர்டு எதுக்கு, சொவுரே போதுமே! ஒரு ரூம் காலின்னாலும் அந்த டப்பா பொறக்கவே கூடாதுன்னு கிளாஸ்லயே பூட்டு போட்டுட்டேன். சாரு ஒரு வாரம் என்கூட பேசல.

— நல்ல பூட்டுதான்.

— பின்ன!

— நாலாவது ரூம்ல இன்னா வெச்ச?

— ஒரியாவா? அது ஒரு பேஜாரு புடிச்ச கதை. பேசின் பிரிட்ஜ் யார்டுல ஒரு ஒரியாக்காரர புடிச்சு எழுதித் தரச் சொன்னோம். மொத சேதிய மட்டும் எழுதிக் குடுத்தாரு. அவங்கம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னு போன் வந்துச்சு, ஊருக்கு ரயிலேறிட்டாரு.

— மொத சேதின்னா?

— தெனம் ஓடுமே அதான். 'எல்லாம் நல்லாகீது, வேலையப் பாருங்க.'

— மத்த சேதிக்கெல்லாம்?

— மறுநாளு போர்டு மாட்டியாவணும். ரூம் காலியா வுட்டா கிளாஸ் ஏத்துக்காது, நானே போட்ட பூட்டாச்சே. அதான் அந்த ஒரு வரியவே எல்லா சேதியிலயும் ஒட்டி வெச்சேன். அவரு வந்ததும் மாத்திக்கலாம்னு.

— லீக் சேதியிலயுமா?

— எல்லாத்துலயும் தான் பாய்.

— அப்பறம் மாத்தல.

— வேற வேலை வந்துச்சு, மறந்துட்டேன். ஏன் அப்டி பாக்கற? எனக்கு பயமா கீது பாய். இன்னா ஆச்சு?

— மூணு ஒரியா பசங்கம்மா. கான்ட்ராக்ட்ல வந்தவங்க. இன்னிக்கு காலைல தான் எடுத்தாங்க.

— எடுத்தாங்கன்னா?

— மூணு பேரும் மௌத்து.

— இல்ல. இல்ல பாய். அதுக்கும் போர்டுக்கும் இன்னா? ஷெட்டுல தூங்கிகினு இருந்திருப்பாங்க. கதவு மாட்டிகினு இருந்திருக்கும். சைரன் கத்துது, அத்தினி பேரு ஓடறான், பாஷை தெரியலன்னாலும் கண்ணு தெரியும்ல?

— தெரிஞ்சுது. எல்லாரு கூடவும் ஓடியாந்தாங்க. கேட் வரைக்கும் வந்துட்டாங்க.

— வந்துட்டாங்கல்ல? அப்பறம் இன்னா?

— போர்டு கேட்லதான கீது. இந்த ஊருக்கு வந்து ஒரு வருசமா அவங்க எழுத்த அவங்க வேற எங்கயும் பாத்ததில்லையாம்.

— ஓடற அவசரத்துல எவன் பாய் நின்னு படிப்பான்? படிச்சிருக்க மாட்டாங்க. சத்தியமா படிச்சிருக்க மாட்டாங்க. உனக்கு யாரு சொன்னது?

— உங்க நைனா. நேத்து வூட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்ன கேட்லயே எங்கிட்ட சொன்னாரு. ஒருத்தன் கையப் புடிச்சு வெளிய இஸ்துகீறாரு. அந்தப் பையன் போர்டைக் காட்டி, மத்த ரெண்டு பேருக்கும் படிச்சுச் சொல்லிட்டு, சிரிச்சுகினே கைய உதறிட்டு உள்ள போய்ட்டானாம்.