ரேடியோவில் வராத வாழ்த்து

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். என் கோழிக்கிறுக்கல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு கொமுட்டர் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். எதிரே இரண்டு பெண்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

"எங்கண்ணன்கிட்ட பேசி ஆறு வருஷம் ஆச்சுக்கா. ஆனா பொறந்தநாளுக்கு மட்டும் தவறாம வாழ்த்து சொல்லிருவேன்."

"பேசாம எப்படிடி சொல்லுவ?"

"ரேடியோவுக்குப் போன் பண்ணி அவர் பேரு, என் பேரு கொடுப்பேன். அவரு டயர் கடையில நாள் பூரா ரேடியோதான். இன்னைக்குத்தான் பொறந்தநாள். இந்த வருஷம் கொடுக்கல."

"ஏன்?"

"அவரு மகன் மாத்திட்டானாம். கடையில இப்ப எல்லாம் போன்ல வர்ற பாட்டுதான். விளம்பரமும் இல்ல, வாழ்த்தும் இல்ல."

"வாட்ஸ்அப்ல அனுப்பு லா."

"அப்புறம் நான்தான் முதல்ல பேசுனேன்னு ஆயிடும்க்கா. ரேடியோன்னா அறிவிப்பாளர்தானே பேசுறாரு!"

அங்காசாபுரி நிலையம் தாண்டியதும் அவள் போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள், அக்காவிடம் காட்டினாள், பிறகுதான் எடுத்தாள். அண்ணனின் குரல் எனக்கே கேட்டது.

"காலையிலேருந்து கடை லோரியில ரேடியோவ தொறந்து வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். என் பேரு வரவே இல்ல. உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, என்ன சொல்வதென்று அக்காவிடம் கேட்டாள். பதிலைக் கேட்கவே நான், பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இறங்க வேண்டிய சென்ட்ரல் நிலையத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கு ரேடியோவுல சொல்றேண்ணே," என்றாள். "கேளுங்க."

பல நாள் தயங்கி இதை எழுதியது சித்திரை மூன்றாம் தேதி, புதன்கிழமை.