பதினாலாம் நம்பர் சட்டை

அந்த நம்பர அப்படியே நம்பிடாதீங்க தம்பி, அதத்தான் சொல்ல வந்தேன். நூறு பந்து எறிஞ்சா அறுபத்தாறு சரியாப் போய்ச் சேருதுன்னு போட்டிருக்கா? போட்டிருக்கும். பொய்னு நான் சொல்லல. என்ன மாதிரி பந்துன்னு பாக்க வேணாமா? பாதி பந்து பக்கத்துல நிக்கறவன் கையில உப்பு டப்பா எடுத்துக் குடுக்கற மாதிரி. அத நானே எறிவேன், இந்தத் தோள்வலியோட.

ஐயய்ய, எட்டிப் பாக்கல. அவ்ளோ பெரிய ஸ்கிரீன மடியில விரிச்சு வச்சிட்டு உக்காந்தா கண்ணு போகாம என்ன பண்ணும்? தொப்பியில காலேஜ் பேரு வேற இருக்கு. ஆரிகன்லேர்ந்தா வரீங்க? அம்மாடி! நாட்டோட அந்தக் கோடி. ஓஹையோவுல இந்த ஆத்தங்கர ஊரத் தேடிப் பிடிச்சு வந்திருக்கீங்கன்னா காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்கத்தான், அதுவும் பந்து எறியற எங்க குவார்ட்டர்பேக்குக்காகத்தான் இருக்கும். வெஸ்லி. பதினாலாம் நம்பர். வேற யாருக்கு வருவாங்க.

இந்தப் போர்வையில பாதிய இழுத்துக் கால்ல போட்டுக்குங்க. அலுமினியப் பெஞ்சு, அக்டோபர் கடைசில எலும்பு வரைக்கும் ஏறும். ஆட்டம் தொடங்க இன்னும் நேரமிருக்கு. கீழ எங்க பள்ளிக்கூடப் பசங்க சும்மா எறிஞ்சு பழகறாங்க, அவ்ளோதான்.

நான் பத்தாவதோட நின்னவ. இருந்தாலும் இந்த ஊர்ல பொறந்துட்டு இந்த ஃபுட்பால் கணக்கு தெரியாம இருக்க முடியாது. மளிகைக் கட வரிசையில நின்னா போதும், முன்னாடி நிக்கறவன் வாரக் கணக்க ஒப்பிச்சிருவான். போன வெள்ளிக்கிழம ஆட்டத்தயே எடுத்துக்குங்க. அந்தப் பக்கத்துப் பையன் எறிஞ்ச பந்த எங்க மார்லன் நடுவுல பாய்ஞ்சு பிடுங்கினான். பிடுங்கி, மைதானத்துல பாதி தூரம் ஓடி, கோட்டுக்கு நாலு கஜம் இருக்கறப்ப விழுந்தான். அப்பறம் வெஸ்லி வரான். கைய லேசா ஆட்டறான், பந்து கோட்டத் தாண்டிருச்சு. டச்டவுன்! மறுநாள் பேப்பர்ல யாரு போட்டோ? பாதி மைதானம் ஓடினவனுக்கு கடைசில ஒரு வரி. கைய ஆட்டினவனுக்கு அரைப் பக்கம். இப்படி வந்ததுதான் தம்பி உங்க ஸ்கிரீன்ல இருக்கற இருபத்தாறு டச்டவுன்.

ஆமா, மார்லன் என் அக்கா லூவானோட பையன்தான். நான் எங்க மறைச்சேன்?

இருந்தாலும் சொல்றேன், இந்த ஊர் ஜெயிக்கறது தடுக்கற பசங்களால. சராசரியா ஒரு ஆட்டத்துக்கு ஒம்போது பாயின்ட்டுக்கு மேல குடுக்கல. அப்படி ஒரு டிஃபென்ஸ் பின்னாடி நின்னா யாரு குவார்ட்டர்பேக்கா இருந்தாலும் நிம்மதியா எறியலாம். ஒண்ண தப்பா எறிஞ்சாலும் பயமில்ல.

என்னது, அந்த ஒம்போதும் சோப்ளாங்கி டீமுங்க மேல வந்ததுதானேங்கறீங்களா? அது வேற தம்பி. எப்படி வேறன்னா... வேறதான். சாப்பிடுங்க, ஆறிடும். சோள சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ளயே கறிக் குழம்ப ஊத்திக் குடுக்கறது எங்க ஊர்ல லூவான் கைக்குத்தான் நல்லா வரும். கீழ அந்தத் தீனிக் கட ஜன்னல்ல நிக்கறா பாருங்க, அவதான்.

முன் வரிசைய மட்டும் பாக்காதீங்க. பாத்துட்டீங்களா? வெள்ளச் சட்ட, கையில மாட்டு மணி. ஊருக்கே காது வலிக்குது. அவ பேரு கேண்டஸ். இங்க ஒரு வழக்கம் தம்பி. சொந்த ஊர்ல ஆடறப்ப பசங்க கறுப்புச் சட்ட போடுவாங்க. வெளியூருக்குப் போடற வெள்ளச் சட்டய அம்மாகிட்ட குடுத்துடுவாங்க. அவ அதப் போட்டுட்டு வந்து உக்காருவா. முதுகுல எல்லாருக்கும் தெரியற மாதிரி நம்பர். அவ முதுகுல பதினாலு. சும்மா போட்டா பரவாயில்ல. இடுப்புல பெல்ட்டு கட்டி, கைய மடிச்சு, முத்து முத்தா ஒட்டி வச்சிருக்கா. சட்டயா அது, கல்யாண கவுனா?

நாலு வருஷத்துக்கு முன்னாடி, வெஸ்லியோட அப்பன் டுவைட் அவள கட்டிக் கூட்டிட்டு வந்தப்ப, எந்தப் பக்கம் ஓடினா நமக்குப் பாயின்ட்டுன்னே தெரியாது அவளுக்கு. எதிராளி டச்டவுனுக்கு எந்திரிச்சுக் கை தட்டினா, தெரியுமா? சுத்தியிருந்தவங்க சட்டயப் பிடிச்சு உக்கார வச்சாங்க. இப்ப என்னடான்னா குவார்ட்டர்பேக் ரேட்டிங்குங்கறா, புள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு நம்பர், அதயும் விடாம சொல்றா. தெனமும் போன்ல போடறா. எங்க பையன் இத்தன கஜம், எங்க பையன் அத்தன சதவீதம். எங்க பையனாம்.

பெத்தவளா? இருக்கா, இருக்கா. இதே ஊர்லதான். ஆஸ்பத்திரி துணி வெளுக்கற எடத்துல வேல. பாவம், அவளுக்கு ஷிஃப்ட்டு. அத விடுங்க.

நான் சொல்ல வந்தது என்னன்னா, அவன் எங்களுக்கு நல்லவன்தான். இந்த ஊருக்குப் போதும். நாப்பது நிமிஷம் கார்ல போனா ஒரு சின்ன காலேஜ் இருக்கு, அவங்க எப்பவோ கூப்பிட்டாச்சு. சனிக்கிழம ஆட்டம் பாத்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிடலாம். அவன் அளவுக்கு அது சரியா இருக்கும். அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போயி, அங்க பெரிய பெரிய பசங்க மேல விழுந்து அமுக்கி, ரெண்டாம் வருஷம் பெஞ்சுல உக்கார வச்சு... உங்களுக்கும் நஷ்டம், அவனுக்கும் நஷ்டம். நீங்க அவன எடுத்தீங்கன்னா டுவைட்டும் அவளும் வீட்ட வித்துட்டுப் பின்னாடியே வராங்களாம். வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர்ல செய்யற வேல ரெண்டு பேருக்கும். ஆரிகன் என்ன, நிலாவுக்குக் கூட போவாங்க. ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறா.

அதான் சொல்றேன், அந்த நம்பரப் பிரிச்சுப் பாருங்க. முப்பது பாயின்ட்டு முன்னாடி இருக்கறப்ப எறிஞ்சதக் கழிங்க. மார்லன் பிடுங்கிக் குடுத்ததக் கழிங்க. காத்து பின்னாடிலேர்ந்து அடிச்சதக் கழிங்க. என்ன மிஞ்சுது?

பரவால்ல, ஒத்துக்கறீங்க. படிச்சவங்கன்னா இப்படித்தான் இருக்கணும். என்ன, நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா?

என்ன சொன்னீங்க?

மேல விழுந்து அமுக்க ஆளுங்க ஓடி வந்தா பயந்துடறானா? யாரு, வெஸ்லியா? எத வச்சு சொல்றீங்க? மேல்கர ஊரோட ஆடின ஆட்டமா, அந்த நாலு பந்து எதிராளி கைக்குப் போச்சே, அதா? தம்பி, ஒங்க ஸ்கிரீன்ல நாலுன்னுதான் இருக்கும். மொத பந்து, நம்ம பையன் நெஞ்சுல பட்டுத் தெறிச்சது. நெஞ்சுல! தட்டுல வச்சுக் குடுத்தத வாங்கத் தெரியல அவனுக்கு. கணக்கு யாரு பேர்ல? எறிஞ்சவன் பேர்ல. ரெண்டாவது, மழ. மூணாவதும் நாலாவதும் எறிஞ்சப்ப அவனுக்கு விரல் ஒடஞ்சிருந்தது. எறியற கையில, நடுவிரல். கோச்சுகிட்ட சொல்லல. சொன்னா உக்கார வச்சிருவாங்கன்னு டேப்ப சுத்திட்டு ஆடினான். பயந்தவனா அது? பயந்தவன் ஒடஞ்ச விரலோட ஆட்டத்தோட கடைசிக் கால் பகுதியில எந்திரிச்சு நின்னு எழுவது கஜம் ஊர இழுத்துட்டுப் போவானா? அன்னிக்கு அந்த மகா பெரிய டிஃபென்ஸ் என்ன கிழிச்சது? முப்பத்தொண்ணு குடுத்தாங்க. மார்லனும் சேத்துத்தான் சொல்றேன், லூவான் காதுல விழுந்தாலும் பரவால்ல. நாங்க முப்பத்தஞ்சு. எப்படி வந்தது அந்த முப்பத்தஞ்சு, மேலேர்ந்து விழுந்ததா?

கத்தல. குளுருக்குக் குரல் இப்படித்தான் வரும்.

விரல் ஒடஞ்சது எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? சின்ன ஊரு தம்பி. ஞாயித்துக்கிழம ஸ்பூன இடது கையில பிடிச்சு சூப்பு குடிச்சா யாருக்கும் தெரியாதா?

இருங்க, மைக்குல கூப்பிடறாங்க. இன்னிக்குப் பள்ளிக்கூடம் முடிக்கற பசங்களுக்குக் கடைசி உள்ளூர் ஆட்டம் இல்ல? ஒவ்வொருத்தனும் அப்பா அம்மாவோட நடு மைதானத்துக்கு நடந்து வருவான். கையில ஒரே ஒரு பூ. அம்மாவுக்கு. பேண்டு சத்தத்துல ஒண்ணும் கேக்காது, நீங்களே பாருங்க. மார்லன் போயிட்டான். லூவான் ஏப்ரனக் கூட அவுக்காம போறா பாருங்க, கழுத!

அடுத்தது பதினாலு.

அந்தக் கறுப்புச் சட்ட. இந்தப் பக்கம் டுவைட், அந்தப் பக்கம் வெள்ளச் சட்ட. மணிய விட்டுட்டு வந்தாளே, அதுவே பெருசு. மூணு பேரு கூட நடக்கலாமாம், கோச்சு ஒண்ணும் சொல்ல மாட்டாராம். செவ்வாக்கிழம வேல எடத்துக்கு வந்து சொன்னான், வெளுப்பு நெடியில மூக்கப் பிடிச்சிட்டு. நீயும் வாம்மா, ஒரு பக்கம் நீ ஒரு பக்கம் அவங்கன்னு. அவ பக்கத்துல நான் நடக்கறதான்னு எனக்கு வந்துச்சே ஒரு ரோஷம். ஷிஃப்ட்டு இருக்குடான்னேன். இன்னிக்கு எனக்கு லீவு. அவனுக்குத் தெரியாம கடைசி வரிசையில வந்து உக்காந்திருக்கேன், உங்க பக்கத்துல.

நிக்கறான். மேல பாக்கறான். விளக்கு கண்ணுல அடிக்கும், அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

குடுத்துட்டான். அவகிட்டத்தான். குனிஞ்சு கன்னத்துல ஒரு முத்தம் வேற.

குடுக்கத்தான செய்வான். பக்கத்துல ஒரு பொம்பள நிக்கறப்ப பூவக் கையில வச்சிட்டு நிக்க மாட்டான். நான் அப்படி வளக்கல.

எழுதுங்க தம்பி, எழுதுங்க. அறுபத்தாறு சரிதான். எதயும் கழிக்க வேணாம்.

ஆமா, ஆரிகனுக்கு இங்கேர்ந்து பஸ் போகுமா? எத்தன நாளாகும்?